மேலே கிடக்கும் அரை அடி மண்

தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் (புதிய குடியிருப்பு) வீடுகளுக்குக் குடிமாறியவர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "லயத்துல வேலி ஓரமா சும்மா குத்தி வச்ச முருங்கைக் கொம்பு மரமாச்சு தம்பி. இங்க கடையில உரம் வாங்கிப் போட்டும் கறிவேப்பிலை மஞ்சளாவே நிக்குது. ஏன்?" மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், எங்கள் ரெங்கம் வட்டாரத்தில் பழைய லயத்துக்கும் புதிய தாமானுக்கும் மோட்டாரில் போனால் சில நிமிடம்தான். மழை ஒன்று, வெயில் ஒன்று, பார்வைக்கு மண்ணும் ஒன்று. கைராசி சரியில்லை என்று சொல்லிக்கொண்டு பலர் செடி வைப்பதையே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் குறை மண்ணில் இருக்கிறது.

தாமான் கட்டும்போது முதலில் வருவது புல்டோசர். மேட்டை வழித்துப் பள்ளத்தில் தள்ளி நிலத்தைச் சமப்படுத்துவார்கள். அப்படி வழிக்கும்போது மேலே இருக்கும் கருத்த மண்தான் முதலில் போகும். அது எங்கோ பள்ளத்தின் அடியில் புதைந்துவிடும். பிறகு லாரிகள் ஏறி இறங்கி மீதியை இறுக்கிவிடும். வீட்டுச் சாவி நம் கைக்கு வரும்போது வாசலில் இருப்பது, முன்பு பல அடி ஆழத்தில் வேர்கூட அதிகம் எட்டாமல் கிடந்த செம்மண். லயத்துப் பின்கட்டு அப்படியா? மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், வடித்த கஞ்சி, மீன் கழுவிய தண்ணீர், வாழைச் சருகு என்று இரண்டு மூன்று தலைமுறை கொட்டிய எல்லாம் அங்கே மண்ணாகி இருந்தன. அந்த மண்ணைப் பாதி மழையும் வெயிலும் உண்டாக்கின. மீதிப் பாதியை நம் பாட்டிமார் உண்டாக்கினார்கள்.

மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதற்குள்ளேயே இருக்கிறது. நம்மைப் போல வெயிலும் மழையும் கொட்டும் நாட்டில் மண்ணின் செல்வம் முழுக்க மேலே கிடக்கும் அரை அடிக்குள்தான். அதை மூடி வைத்தால் தங்கும். திறந்து போட்டால் போய்விடும். ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

மண்ணில் என்ன இருக்கிறது?

நல்ல மேல்மண்ணை ஒரு கட்டியாக வெட்டி எடுத்தால் அதில் கெட்டிப்பொருள் ஏறக்குறைய பாதிதான். மற்றப் பாதி இடைவெளி. அந்த இடைவெளியைக் காற்றும் தண்ணீரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் கூடும், வெயில் அடித்தால் காற்று கூடும். கெட்டிப்பொருளில் பெரும்பகுதி, அதாவது மொத்தக் கன அளவில் சுமார் 45 விழுக்காடு, பாறை சிதைந்து வந்த துகள்கள். மீதி 5 விழுக்காடு அளவுக்குத்தான் மக்கிய இலை, வேர், பூச்சி, சாணம். இந்த 5 விழுக்காடு குறைந்தால் மற்ற எல்லாம் தடுமாறும். தாமான் மண்ணில் அது ஒன்றுகூட இருக்காது. லாரி ஏறி இறுகியதால் காற்றுக்கும் இடம் இருக்காது. வேரும் மூச்சுவிட வேண்டுமே.

பாறைத் துகள்களில் மூன்று அளவு உண்டு. 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை மணல். அதற்குக் கீழே 0.002 மில்லிமீட்டர் வரை வண்டல். அதைவிடச் சிறியது களி. மணல் மிகுந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும்; களி மிகுந்தால் ஓடாமல் நின்றுவிடும். மூன்றும் கலந்த மண் விவசாயத்துக்கு வசதி. எந்த மண்ணில் எது எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் அடியில் கிடக்கும் பாறைதான் தீர்மானிக்கிறது.

மலேசிய மண் வரைபடங்களில் ஒரு மண் வகைக்கே எங்கள் ஊரின் பெயர் உண்டு: ரெங்கம் மண். மண்ணை வகைப்படுத்துகிறவர்கள், ஒரு வகையை முதலில் எங்கே அடையாளம் கண்டு விவரித்தார்களோ அந்த இடத்தின் பெயரையே அதற்கு வைப்பது வழக்கம். செகாமட், குவாந்தான், செர்டாங் எல்லாம் அப்படி மண்ணின் பெயராகவும் ஆன ஊர்கள். ரெங்கம் மண் ஜொகூரோடு நிற்பதில்லை. கருங்கல் குன்றுகள் உள்ள பல மாநிலங்களில் இருக்கிறது. ரப்பரும் செம்பனையும் நின்ற, நிற்கிற நிலம் நிறைய இந்த வகையைச் சேர்ந்தது.

கருங்கல் எப்படி மண்ணாகும்? கருங்கல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே மூன்று விதமான தாதுக்கள் தெரியும். கண்ணாடிபோல் மின்னுவது குவார்ட்ஸ். வெளுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது பெல்ட்ஸ்பார். கறுப்பாகத் தகடு தகடாக இருப்பது மைக்கா. வெதுவெதுப்பான மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகள் ஊறும்போது பெல்ட்ஸ்பார் கரைந்து, கயோலினைட் என்ற வெள்ளைக் களியாக மாறுகிறது. கறுப்பு மைக்காவில் இருந்த இரும்பு வெளியே வந்து துருப்பிடிக்கிறது. குவார்ட்ஸ் மட்டும் அசையாமல் அப்படியே மணலாக நிற்கிறது. ஈரமான ரெங்கம் மண்ணை விரலிடையில் தேய்த்தால் களியின் வழவழப்பும் மணலின் நறநறப்பும் சேர்ந்தே தெரிவதற்குக் காரணம் இதுதான். நிறத்துக்குக் காரணம் இரும்புத் துரு. நன்றாக உலரும் இடத்தில் சிவப்பு, ஈரம் சற்றுக் கூடினால் மஞ்சள். அல்லூறு (வடிகால்) ஓரத்திலும் பாசா காட்டிலும் (சதுப்பு நிலத்திலும்) தண்ணீர் தேங்கிக் காற்று புகாமல் போவதால் அங்கே வாழும் நுண்ணுயிர்கள் துருவிலுள்ள இரும்பைக் கரைத்துவிடும். மண் சாம்பல் நிறமாகும். அந்தக் கரைந்த இரும்பு காற்றுப்பட்ட இடத்துக்கு வந்ததும் மறுபடி துருவாகும். தோட்டத்து அல்லூறுகளில் ஆரஞ்சு நிறக் கசடும், மேலே எண்ணெய் படிந்தாற்போன்ற மினுமினுப்பும் பார்த்திருப்பீர்கள். யாரோ எண்ணெய் கொட்டிவிட்டார்கள் என்று அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அது இரும்பை உண்டு வாழும் பாக்டீரியாக்களின் வேலை. ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து தனித்தனியே நின்றால் பாக்டீரியா. மறுபடி ஒன்றுசேர்ந்துகொண்டால்தான் எண்ணெய்.

இப்படிச் சிதைந்த மண் நம் நாட்டில் மிக ஆழமாக இருக்கும். சாலை வெட்டிய மேடுகளில் பத்து மீட்டருக்கும் மேலே செம்மண் சுவர் நிற்பதைப் பார்க்கலாம். அவ்வளவு ஆழம் இருந்தும் அதில் உணவு குறைவு. இது பலருக்கு நம்ப முடியாத விஷயம்.

பச்சையாக இருக்கிறதே, வளம் இல்லையா?

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிற மண்ணில் என்ன தங்கும்? செடிக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் மூன்றும் தண்ணீரில் கரைந்து நேர்மின்னேற்றத்தோடு திரிபவை. எதிர்மின்னேற்றமுள்ள களியும், இலையும் சாணமும் மக்கி உண்டான கருத்த மக்கும் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் நம் மண்ணில் உள்ள கயோலினைட் களிக்கு அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. மழை தொடர்ந்து கழுவக் கழுவ, சத்துகள் ஆற்றுக்குப் போய்விடுகின்றன. அவை இருந்த இடத்தில் அமிலமும் அலுமினியமும் உட்கார்ந்துகொள்கின்றன. நம் மேட்டு நிலத்து மண்ணின் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) பெரும்பாலும் 4க்கும் 5க்கும் நடுவில்தான். அந்த அமிலத்தில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கிவிடும். நாம் போடும் பாஸ்பேட் உரத்தையும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு செடிக்கு விடுவதில்லை. மலேசிய நிலத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல் இப்படி மழையில் கழுவப்பட்ட பழைய மண்தான்.

சரி, அப்படியானால் அந்தப் பெரிய மழைக்காடு எதைத் தின்று வளர்ந்தது? அன்றாடச் சம்பளத்தை அன்றே செலவழித்து வாழும் குடும்பத்தைப் போன்றது மழைக்காடு. சேமிப்பு என்று மண்ணுக்குள் ஒன்றும் இல்லை. இலை விழுகிறது, கரையான் தின்கிறது, பூஞ்சை மக்க வைக்கிறது, மக்கிய கையோடு மேலாகப் பரவிய வேர்கள் அதை உறிஞ்சி மறுபடி இலையாக்குகின்றன. சத்தெல்லாம் மரத்திலும், தரையை ஒட்டிய கருத்த அடுக்கிலுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மரத்தை வெட்டி அப்புறப்படுத்தி, சருகையும் எரித்துவிட்டால் சுற்று அறுந்துவிடும். முதல் சில ஆண்டு சாம்பலின் தயவில் பயிர் செழிக்கும். பிறகு எவ்வளவு பச்சையாக இருந்த இடமும் லாலாங் புல் காடாகும்.

கயோலினைட்டால் முடியாததை மக்கு செய்கிறது. சத்துகளைப் பிடித்து வைக்கும் ஆற்றல் மக்குக்குப் பல மடங்கு அதிகம். அலுமினியத்தைக் கட்டிப்போடுவதும், துகள்களை உருண்டை உருண்டையாக ஒட்டிக் காற்றுக்கு வழிவிடுவதும், தண்ணீரைத் தேக்கி வைப்பதும் அதுவே. மேலே உள்ள அரை அடியை மட்டும் நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான். இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் உருவாகவே ஆயிரம் ஆண்டுவரை ஆகலாம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் சொல்கிறது. நம் ஊர்ப் பக்கம் ஒரு சரிவில் மரத்தை அகற்றித் திறந்து போட்டால், சில பெருமழையில் அவ்வளவும் செங்காவித் தண்ணீராக ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மண்ணுக்குள் வேலை செய்பவர்கள்

ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கும். உலகிலுள்ள உயிரினங்களில் நான்கில் ஒரு பங்காவது மண்ணில் வாழ்கின்றன. நம் கண்ணுக்குத் தெரிவது மண்புழுவும் கரையானும் எறும்பும் மட்டும். கரையான் என்றதும் வீட்டு நிலைக்கதவுதான் ஞாபகம் வரும். ஆனால் காட்டிலும் தோட்டத்திலும் விழுந்த மரத்தையும் மட்டையையும் மண்ணாக்கும் பெரிய வேலை அதனுடையது. மண்புழு துளையிட்ட வழியாகத்தான் மழைத்தண்ணீர் கீழே இறங்குகிறது, காற்றும் உள்ளே போகிறது.

அவரை, பயற்றங்காய், காராமணிச் செடிகளைப் பிடுங்கினால் வேரில் குட்டிக் குட்டி முண்டுகள் இருக்கும். நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முண்டு வேலை செய்கிறது என்று பொருள். அங்கே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகிறது. பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் எழும் வாசனைக்கும் ஒரு பாக்டீரியாவே காரணம். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற அந்த இனம் ஜியோஸ்மின் என்னும் பொருளை வெளியிடுகிறது. இந்த இனத்திலிருந்துதான் 1943இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பிரித்தெடுத்தார். காசநோய்க்குப் பலன் தந்த முதல் ஆன்டிபயாட்டிக் அதுதான். அதுவரை காசநோய் என்றால் நல்ல உணவும் காற்றோட்டமும் ஓய்வும் தவிர மருத்துவர் கொடுக்க அதிகமில்லை.

மண் நோயும் தரும். அதை மறைத்துப் பேசக் கூடாது. கழிப்பறை இல்லாத அந்தக் காலத் தோட்டங்களில் வெறுங்காலோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன நம் மக்களைக் கொக்கிப்புழு வாட்டி எடுத்தது. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈர மண்ணில் பொரித்து, புழு பாதத் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும். இரத்தசோகை பிடித்துச் சோர்ந்துபோனவரைச் சோம்பேறி என்று ஏசியதும் உண்டு. கழிப்பறையும் காலணியும் வந்த பிறகே நிலைமை மாறியது. இன்றும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் மழைக்காலத்தில் சேற்றில் வேலை செய்யும்போது பூட்ஸும் கையுறையும் போடுவது அவசியம். மெலியோய்டோசிஸ் என்ற கடுமையான தொற்றைத் தரும் பாக்டீரியா நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கிறது. அது சர்க்கரை நோயாளிகளையே அதிகம் தாக்குகிறது.

தோட்டங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது

1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா முழுக்கப் பரவின. 1909இல் ஜொகூர் ரயில் பாதை முழுமையானதும் எங்கள் பக்கம் காடுகள் வேகமாகத் தோட்டங்களாயின. அப்போதைய துரைமார்களுக்குத் தரையில் ஒரு புல் தெரியக் கூடாது. ரப்பர் நிரைகளுக்கு நடுவே மண் பளிச்சென்று இருந்தால்தான் நல்ல தோட்டம். ஆணும் பெண்ணுமாக நம் ஆட்கள் நாள் முழுக்கக் குனிந்து களை கொத்தினார்கள். கொத்திய மண்ணின்மேல் மழை நேராக விழுந்தது. ஒவ்வொரு துளியும் துகள்களைத் தெறிக்க வைக்க, தெறித்த துகள்கள் இடைவெளிகளை அடைக்க, தண்ணீர் உள்ளே இறங்க முடியாமல் மேலேயே ஓடியது. ஓடும்போது கருத்த மண்ணையும் கூட்டிக்கொண்டு போனது. வேர்கள் வெளியே தெரிந்தன, ஆறுகள் கலங்கின.

அதே சமயம் சிறுதோட்டக்காரர்களின் ரப்பர் நிலம் புதராகக் கிடந்தது. அவர்களிடம் களையெடுக்க ஆளுமில்லை, பணமுமில்லை. சோம்பேறித் தோட்டம் என்று ஏளனம் செய்யப்பட்ட அந்த நிலங்களில் மண் அவ்வளவாக அரிக்கவில்லை. தரையை மூடியிருந்த புதர்தான் மண்ணைக் காத்திருந்தது என்பது மெல்லப் புரிந்தது. 1925இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் பிற்பாடு நிலத்தை மூடி வைக்கும் முறைகளை ஆராய்ந்து பரிந்துரைத்தது. சரிவுக்குக் குறுக்கே படிகட்டி நடுவது, ஓடும் மண்ணைப் பிடிக்க நிரைகளுக்கு நடுவே குழி வெட்டுவது, அவரைக் குடும்பத்துக் கொடிகளைத் தரையில் படரவிடுவது எல்லாம் வழக்கமாயின. பியூரேரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா என்ற மூன்று கொடிகளின் விதையையும் கலந்து விதைப்பார்கள். 1990களிலிருந்து வடகிழக்கு இந்தியாவைச் சேர்ந்த முக்கூனா பிராக்டியேட்டா என்ற கொடியும் சேர்ந்துகொண்டது. அது படரும் வேகத்தில் கன்றின் மேலேயே ஏறிவிடும், அடிக்கடி இழுத்துவிட வேண்டும். இந்தக் கொடிகள் மழையின் அடியைத் தாங்கிக்கொள்கின்றன, களையை அடக்குகின்றன, நைட்ரஜனும் சேர்க்கின்றன.

அந்தக் குழிகளையும் படிகளையும் வெட்டியவர்கள் யார்? கப்பலேறி வந்த நம் முன்னோர். மலேசிய மண் பாதுகாப்பின் வரலாற்றை யார் எழுதினாலும் அவர்களுடைய உழைப்பை முதலில் எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன். வளைவு வளைவாகக் குன்றைச் சுற்றி வரும் படிகளில் பல இன்னும் இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் அதே படியில் மரம் நிற்கிறது.

செம்பனைத் தோட்டத்துக்குள் போனால் வெட்டிய மட்டைகளை ஒரு நிரை விட்டு ஒரு நிரை அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். குப்பை என்று நினைக்க வேண்டாம். அந்த அடுக்கின் அடியில் கையை விட்டால் மண் குளிர்ச்சியாக, கருப்பாக, வேர்கள் மொய்த்துக் கிடக்கும். பழம் வெட்டுகிறவர்கள் நடக்கும், வண்டி போகும் பக்கத்து நிரையில் மண் கல்லாக இறுகியிருக்கும். ஒரே மரத்தின் இரு பக்கம், இரண்டு வேறு மண். ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் காலிக் குலை பொட்டாசியம் நிறைந்தது. அதையும் தோட்டத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து பரப்புகிறார்கள். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு வரும். முன்பெல்லாம் அப்போது பழைய மரங்களைக் கொளுத்திவிடுவார்கள். இப்போது இயந்திரத்தால் சீவித் தரையிலேயே மக்கவிடுகிறார்கள்.

தண்ணீர், சரிவு, சதுப்பு

மண் சும்மா கிடந்தாலும் ஊருக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். உயிருள்ள மேல்மண் மழையைக் குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கு விடும். அதனால் வறட்சியிலும் ஓடையில் தண்ணீர் இருக்கும். அதை வழித்துச் சிமெண்ட் போட்டால் பெய்த மழை ஒரே நேரத்தில் அல்லூறுக்கு ஓடும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியது. 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பஹாட், செகாமட் பக்கம் வெள்ளம். மழையின் அளவே அப்போது மிகப் பெரிது. அவ்வளவு மழையை எந்த மண்ணாலும் முழுக்கக் குடித்திருக்க முடியாது. ஆனால் ஆற்றின் அடியில் படிந்து ஆழத்தைக் குறைக்கும் சேறு எங்கிருந்தோ அரித்து வந்த மேல்மண்தானே? கேமரன் மலையில் காய்கறிச் சரிவுகளிலிருந்து அரிக்கும் மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தை நிரப்பி, தோண்டத் தோண்டத் தீராத பிரச்சினையாகிவிட்டது. சரிவு முழுக்க நெருக்கமாக நிற்கும் தேயிலைச் செடியின் அடியில் அந்த அளவு அரிப்பு இருப்பதில்லை.

ஆழமான செம்மண் நீரில் ஊறிப் பாரம் கூடினால் சரிவே பெயர்ந்து இறங்கும். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில் ஒரு முகாம்தளத்தின்மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் மேடு உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மேட்டில் புதிய வெடிப்பு தெரிந்தால், மரமோ கம்பமோ சாய்ந்தால், வழக்கமாகத் தெளிவாக வரும் ஊற்று கலங்கினால், மழை விடும்வரை அங்கே படுக்காதீர்கள்.

எங்களுக்குத் தெற்கே பொந்தியான் பக்கம் போனால் மண்ணே வேறு. அது கரிச் சதுப்பு, கறுப்பாக, மெத்தென்று, கிட்டத்தட்ட முழுக்க முழுக்கத் தாவரச் சிதைவு. தண்ணீரில் மூழ்கிக் காற்றுப்படாததால் மக்காமல் சில ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தது. நாட்டில் சுமார் 25 லட்சம் ஹெக்டர் இருக்கிறது, பெரும்பகுதி சரவாக்கில். அன்னாசி அமிலத்தைத் தாங்கும் என்பதால் பெக்கான் நானாஸ் போன்ற ஊர்களில் அது செழித்தது. ஆனால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்ததும் காற்று புகுந்து சதுப்பு மக்கத் தொடங்கும், நிலம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழும், செம்பனை மரங்கள் பிடிப்பில்லாமல் சாயும். காய்ந்த சதுப்பில் தீப்பிடித்தால் அடியிலேயே வாரக்கணக்கில் புகையும். 1997லும் 2015லும் நம் மூச்சை அடைத்த புகைமூட்டத்துக்கு அண்டை நாட்டில் அப்படி எரிந்த சதுப்பு முக்கியக் காரணம். உலக மண்ணில் முதல் ஒரு மீட்டருக்குள் இருக்கும் கரிமம், காற்றுமண்டலத்தில் இருப்பதைவிட அதிகம். அதில் மிக அடர்த்தியான சேமிப்பு இந்தச் சதுப்புகள்தான். வாய்க்கால் நீர்மட்டத்தை உயர்த்தி வைப்பது ஒன்றே அங்கே மண்ணைக் காக்கும் வழி.

கடலோரக் களியில் இன்னொரு ஆபத்து. சில இடங்களில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் தாது அடியில் புதைந்திருக்கும். ஆழமாகத் தோண்டிக் காற்றுப்பட வைத்தால் அது கந்தக அமிலமாக மாறும். பிஎச் 3.5க்கும் கீழே போய்விடும். அல்லூறு வெட்டிப் போட்ட களியில் வைக்கோல் மஞ்சள் நிறத் திட்டுகள் தெரிந்தால் அந்த மண்ணை எடுத்துத் தோட்டத்துக்குப் போடாதீர்கள்.

வீட்டு வாசலில் என்ன செய்யலாம்?

மண்வெட்டியால் ஓர் அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். ஓரத்தைப் பாருங்கள். மேலே கருத்த பட்டை ஏதாவது இருக்கிறதா, வேர் எதுவரை போயிருக்கிறது, புழு உண்டா? பிறகு குழியில் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கினால் நல்லது. மறுநாளும் நின்றால் மண் இறுகியிருக்கிறது, அங்கே உரம் போடுவது வீண்.

இறுகிய மண்ணைத் தோட்டவேலை முள்கரண்டியாலோ கடப்பாரையாலோ ஓர் அடி வரை நெம்பித் தளர்த்தினால் போதும். புரட்டிப் போட வேண்டாம். அதன்மேல் மக்கிய சாணமோ ஆட்டுப் புழுக்கையோ மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, அதற்கும் மேலே காய்ந்த இலை, புல், வாழைச் சருகு எது கிடைத்தாலும் போட்டு மூடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் இடம் விடுங்கள். சருகு மக்க மக்க மேலே போட்டுக்கொண்டே வர வேண்டும். நம் வெப்பத்தில் அது விரைவில் கரைந்துவிடும். ஒருமுறை போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறவர்களுக்குத்தான் பலன் தெரிவதில்லை. காலியாக இருக்கும் இடத்தில் காராமணியோ பயற்றங்காயோ போடுங்கள். அறுவடை முடிந்தால் செடியை வேரோடு பிடுங்காமல் அடியோடு வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விடுங்கள்.

மஞ்சளான கறிவேப்பிலையில் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். கீழ் இலைகள் முழுதாக வெளுத்தால் பெரும்பாலும் நைட்ரஜன் குறை. கீழ் இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க நடுவே மட்டும் வெளுத்தால் மக்னீசியம் போதவில்லை. நம் அமில மண்ணுக்கு டோலமைட் தூள் இரண்டு வேலை செய்யும். அமிலத்தைக் குறைக்கும், மக்னீசியமும் கொடுக்கும். நர்சரிகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கைப்பிடி தூவி மேலாகக் கிளறினால் போதும். அதையும் சாணத்தையும் யூரியாவையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். கலந்தால் நைட்ரஜன் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். குருணை உரம் போடுவதானால் ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக, சருகு மூடாக்கு போட்ட பிறகு போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அல்லூறுக்குத்தான் உரம்.

சருகைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதில் சுத்தம் பற்றிய நல்லெண்ணமும், பாம்பு பற்றிய நியாயமான பயமும் கலந்திருப்பதை நான் அறிவேன். ஆனால் எரிக்கும்போது நைட்ரஜனும் கரிமமும் புகையாகிவிடுகின்றன. மிஞ்சும் சாம்பலின் பொட்டாசியமும் இரண்டு மழையில் கரைந்து ஓடிவிடும். திறந்தவெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் தடுக்கிறது. வாசலும் நடைபாதையும் கூட்டிச் சுத்தமாக இருக்கட்டும். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் சருகு வேண்டாம். வேலி ஓரத்தில் நான்கு பலகை அடித்து ஒரு தொட்டி செய்து, கூட்டியதையெல்லாம் அதில் போட்டு, சமையற்கட்டுக் காய்கறிக் கழிவை நடுவே புதைத்து வாருங்கள். இறைச்சி, மீன், எண்ணெய்ச் சோறு போட்டால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அதைத் தவிர்த்தால் போதும். எங்கள் பக்கம் ஆண்டுக் கடைசியில் மழை கூடும். அதற்கு முன்பே மண்ணைத் தளர்த்தி மூடி முடித்துவிட்டால், பெருமழை நேராக மண்ணில் விழாது. தொட்டி நிறைந்ததும் மக்கியதை அடியிலிருந்து எடுத்துப் பாத்தியில் பரப்பிவிட்டு, மறுபடி நிரப்பத் தொடங்குங்கள்.